உருளைக்கிழங்கும் 18 அங்குலமும்

பேஸ்பால் என்றாலே "சும்மா நின்னுக்கிட்டே இருக்காங்க, எப்பதான் ஆடுவாங்க?" என்று கேட்பவர்கள் உண்டு. அப்படிச் சும்மா நிற்கிற நேரம்தான் அந்த ஆட்டத்தின் சிரிப்புக்கு விளைநிலம் என்பேன். கால்பந்தில் ஒருவர் தடுக்கி விழுந்தால், நாம் சிரித்து முடிப்பதற்குள் பந்து மறுமுனைக்குப் போயிருக்கும். பேஸ்பாலில் விழுந்தவர் எழுந்து, மண்ணைத் தட்டி, தொப்பியைத் தேடி எடுத்து மாட்டும்வரை அரங்கமே அவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். 2023-இல் மேஜர் லீக்கில் பிட்சருக்கு (பந்து வீசுபவர்) இத்தனை நொடிக்குள் வீச வேண்டும் என்று கடிகாரம் வைத்தார்கள். பேஸில், அதாவது ஓட்டக்காரர் ஒவ்வொன்றாகத் தொட்டு ஓடும் இடங்களில், ஆள் இல்லையென்றால் 15 நொடி, இருந்தால் 20 (அடுத்த ஆண்டு 18). நல்ல மாற்றம்தான். குறும்புக்கு 15 நொடி தாராளம்.

பந்தை ஒளிக்கும் பழைய தந்திரத்தையே பாருங்கள். ஓட்டக்காரர் பேஸுக்கு வந்து சேர்கிறார். ஃபீல்டர் பந்தை பிட்சரிடம் கொடுத்ததுபோல் பாவனை செய்துவிட்டுக் கையுறைக்குள்ளேயே வைத்துக்கொள்கிறார். ஓட்டக்காரர் பேஸை விட்டு நாலு அடி நகர்ந்ததும் ஒரு தொடல். அவுட். கேட்க எளிது, கெட்டுப்போக வழிகள் நிறைய. அம்பயர் 'டைம்' கொடுத்திருந்தால் தொட்டும் பயனில்லை. பந்து இல்லாத பிட்சர், தான் வீசும் மேட்டிலுள்ள ரப்பர் பட்டையில் கால் வைத்தால் 'பால்க்' என்னும் விதிமீறல், ஓட்டக்காரர்களுக்கு ஒரு பேஸ் இலவசம். அதனால் பிட்சர் பட்டைக்குப் பக்கத்தில் மண்ணைக் கிளறிக்கொண்டும் ஷூவைத் தட்டிக்கொண்டும் நேரம் கடத்த வேண்டும். நடிப்பில் பெரிய பங்கு அவருடையது. 2005 ஆகஸ்டில் ஃபுளோரிடா மார்லின்ஸின் மைக் லோவெல் மூன்றாவது பேஸில் அரிசோனா வீரர் ஒருவரை இப்படித்தான் மாட்டவைத்தார்.

இதையே ஒரு படி மேலே கொண்டுபோனவர் டேவ் பிரெஸ்னஹன். 1987 ஆகஸ்ட் 31, பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட், மைனர் லீக் (கீழ்மட்ட லீக்) ஆட்டம். அவர் கேட்சர், பேட்டருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிப்பவர். ஓர் உருளைக்கிழங்கைத் தோலுரித்து, பந்துபோல் உருட்டாகச் செதுக்கித் தயாராக வைத்திருந்தார். எதிரணி ஆள் மூன்றாவது பேஸில் நிற்கும்போது, கையுறை அறுந்துவிட்டது என்று அம்பயரிடம் சொல்லி, கிழங்கு வைத்த வேறு கையுறையோடு திரும்பி வந்தார். பிட்சர் வீசிய பந்தைப் பிடித்தார். கிழங்கை மூன்றாவது பேஸ்காரரின் தலைக்கு மேலே வீசினார். பந்து கைதவறிப் போய்விட்டது என்று நம்பிய ஓட்டக்காரர் ரன் எடுக்க ஹோம் பிளேட்டுக்கு (பேட்டர் நிற்கும் இடம், கடைசி பேஸ்) ஓடிவர, அங்கே நிஜப் பந்தோடு காத்திருந்தார் பிரெஸ்னஹன். அம்பயர் ஏற்கவில்லை, ரன் கொடுத்துவிட்டார். 50 டாலர் அபராதம், மறுநாள் வேலையும் போயிற்று. அடுத்த ஆண்டு அதே ஊர் அவரைக் கூப்பிட்டு, அவருடைய 59-ஆம் எண் சட்டைக்கு ஓய்வு கொடுத்துக் கௌரவித்தது. அந்த ஊரின் மனசு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

எல்லா வேடிக்கையும் எனக்கு உவப்பில்லை. 1951-இல் செயின்ட் லூயி பிரவுன்ஸ் உரிமையாளர் பில் வெக், 3 அடி 7 அங்குல உயரமுள்ள எடி கெய்டெலைப் பேட்டராக இறக்கினார். பேட்டரின் உயரத்தைப் பொறுத்த ஸ்ட்ரைக் பகுதி (பந்து வந்து சேர வேண்டிய இடம்) அவருக்கு இல்லாததுபோலத்தான்; நான்கு பந்தும் அதைத் தவறி 'பால்' ஆயின, அவர் நடந்தே முதல் பேஸுக்குப் போனார். கணக்கு பிரமாதம். ஆனால் ஒரு மனிதரின் உடம்பைக் காட்சிப்பொருளாக்கிச் சிரிக்கவைத்ததில் என் மனம் ஒட்டவில்லை.

ஆட்டத்துக்குள்ளிருந்தே வரும் சிரிப்பு வேறு ரகம். இங்கே தவறுக்கும் கணக்கு உண்டு. ஸ்கோர்போர்டில் ரன், ஹிட்டுக்கு அடுத்து 'எர்ரர்' என்று ஒரு கட்டமே இருக்கிறது. 1993 மே 26, கிளீவ்லாந்தில் கார்லோஸ் மார்ட்டினெஸ் தூக்கி அடித்த பந்தைப் பிடிக்கப் பின்னால் ஓடினார் டெக்சஸ் ரேஞ்சர்ஸின் ஹோசே கான்செகோ. பந்து அவர் தலையில் பட்டு எகிறிச் சுவரைத் தாண்டியது. ஃபீல்டர் மேல் பட்டாலும், தரை தொடாமல் தாண்டினால் ஹோம் ரன்தான், அடித்தவர் எல்லா பேஸையும் மிதித்துச் சுற்றி ரன் எடுக்கலாம். ரேஞ்சர்ஸ் 6-7 என்று தோற்றது. ஆனாலும் சீசனுக்கு 162 ஆட்டம். மறுநாளோ அதற்கு மறுநாளோ மறுபடி இறங்கித்தான் ஆக வேண்டும். அதனால்தான் அங்கே அவமானம் சீக்கிரம் சிரிப்பாகக் கனிகிறது.

விதிப்புத்தகத்துக்கும் இதில் பெரிய பங்குண்டு. 1983 ஜூலை 24, யாங்கி ஸ்டேடியம். கேன்சஸ் சிட்டி ராயல்ஸ் 3-4 என்று பின்தங்கியிருக்கிறது, ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட். ராயல்ஸின் ஜார்ஜ் பிரெட், பேஸில் ஓர் ஆள் இருக்கும்போது ஹோம் ரன் அடித்து 5-4 ஆக்குகிறார். பிடி வழுக்காமலிருக்க மட்டையில் பூசும் பைன் தார் அடியிலிருந்து 18 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, இவர் தாண்டிவிட்டார் என்று யாங்கீஸ் மேனேஜர் பில்லி மார்ட்டின் வந்து நிற்கிறார். அளக்க அளவுகோல் இல்லை. அம்பயர் டிம் மெக்லெலண்ட், 17 அங்குல அகலமுள்ள ஹோம் பிளேட்டின்மேல் மட்டையைக் கிடத்தி அளந்து, பிரெட் அவுட் என்கிறார். பிரெட் கண் சிவக்கப் பாய்ந்து வந்த காட்சி இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்தத் தீர்ப்பை லீக் தலைவர் லீ மெக்ஃபெய்ல் ரத்து செய்தார். ஹோம் ரன் செல்லும் என்று, ஆகஸ்ட் 18 அன்று மிச்ச ஆட்டம் தொடங்கியது. மார்ட்டின் கோபத்தில் பிட்சர் ரான் கிட்ரியை சென்டர் ஃபீல்டில் நிறுத்தினார், இடதுகைக்காரர் டான் மேட்டிங்லியை, இடதுகைக்காரர்கள் வழக்கமாக நிற்காத இரண்டாவது பேஸில் நிறுத்தினார். பிறகு கடைசி அஸ்திரத்தை எடுத்தார்: அன்றைக்கு பிரெட் எல்லா பேஸையும் மிதிக்கவே இல்லை என்று அப்பீல். அன்றைக்கு நின்ற அம்பயர்கள் வேறு, இன்றைக்கு நிற்பவர்கள் வேறு. இவர்களுக்கு எப்படித் தெரியும்? அம்பயர் டேவ் ஃபிலிப்ஸ் ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். எல்லா பேஸும் மிதிக்கப்பட்டன என்று பழைய அம்பயர்கள் கையெழுத்திட்டுக் கொடுத்த உறுதிமொழிப் பத்திரம்.