கல்லாறு தாண்டினால் நீளம் செல்லாக் காசு

கோவையில் தொழில், கோத்தகிரியிலோ குன்னூரிலோ ஒரு வீடு. இப்படி வாழ்கிறவர்கள் வட்டத்தில் இப்போது மின்சார சொகுசு செடான் பேச்சுதான். பேச்சு எங்கே தொடங்கினாலும் "எது பெருசு?" என்பதில் வந்து முட்டிக்கொள்கிறது. ஷோரூம்காரரும் அதைத்தான் முதலில் சொல்வார். சமவெளியில் சரி. மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறப்போகிறவர் பார்க்க வேண்டிய எண் அதுவல்ல என்பது என் கட்சி.

முதலில் அளவுகள். பிஎம்டபிள்யூ ஐ7 நீளம் 5391 மில்லிமீட்டர். மெர்சிடிஸ் ஈக்யூஎஸ் 5216. பிஎம்டபிள்யூ ஐ5 5060. ஆடி இ-ட்ரான் ஜிடி 4989, போர்ஷே டைகான் 4963. ஐ7-க்கும் டைகானுக்கும் நடுவே கிட்டத்தட்ட 43 சென்டிமீட்டர் வித்தியாசம். சரி, சின்னக் கார் என்று டைகான் பக்கம் சாய்ந்தால் அங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. அகலத்தில் டைகான் 1966, இ-ட்ரான் ஜிடி 1964, ஐ7 1950, ஈக்யூஎஸ் 1926. நீளத்தில் கடைசியில் நிற்கிற கார் அகலத்தில் முதலில் நிற்கிறது! கண்ணாடிகளையும் சேர்த்தால் எல்லாமே இரண்டு மீட்டரைத் தாண்டிவிடும். எதிரே அரசுப் பேருந்து இறங்கும்போது உங்கள் வியர்வையை முடிவு செய்வது நீளமல்ல, இந்த அகலம்தான்.

வளைவில் பேசுவது வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே உள்ள தூரம். மலையடிவாரத்துக் கல்லாறிலிருந்து குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவுகள். கார் திரும்பும்போது பின் சக்கரம் முன் சக்கரத்தின் தடத்திலேயே போகாது, உள்ளே வெட்டும். முன் சக்கரம் 6 மீட்டர் ஆரத்தில் திரும்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2450 மில்லிமீட்டர் வீல்பேஸ் உள்ள ஸ்விஃப்ட் சுமார் அரை மீட்டர் உள்ளே வெட்டும். 3210 உள்ள ஈக்யூஎஸ், 3215 உள்ள ஐ7 இரண்டும் 90 சென்டிமீட்டருக்கு மேல் வெட்டும். 2900 உள்ள டைகானும் ஆடியும் 75 சென்டிமீட்டர். ஸ்விஃப்ட் ஓட்டிய பழக்கத்தில் வளைவைப் பிடித்தால் உள்பக்கப் பின் சக்கரம் ஓரத்து வடிகாலில் இறங்கும், அல்லது 21 அங்குல ரிம் கல்லில் உரசும்.

இதற்கு மருந்துதான் பின் சக்கர ஸ்டியரிங். குறைந்த வேகத்தில் பின் சக்கரங்கள் முன்னதற்கு எதிர்ப்பக்கம் திரும்பும், வீல்பேஸ் குறைந்தது போல கார் நடந்துகொள்ளும். ஈக்யூஎஸ் இதில் கெட்டிக்காரன். 10 டிகிரி வரை திரும்பும் அமைப்பு இருந்தால் திருப்பு வட்டம் 10.9 மீட்டர், சின்ன ஹேட்ச்பேக் அளவு. 4.5 டிகிரி அமைப்பில் அதே கார் 11.9 மீட்டர் கேட்கும். அந்த ஒரு மீட்டரில்தான் ஒரே மூச்சில் திரும்புவதும், நடு வளைவில் ரிவர்ஸ் எடுத்துப் பின்னால் நிற்கிற லாரிக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வதும் இருக்கிறது. எடுக்கப்போகும் காரில் எது பொருத்தியிருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். ஐ7-இல் பின் சக்கரம் 3.5 டிகிரிதான், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். 10 டிகிரியிலும் ஒரு வம்பு உண்டு: காரின் வால் வெளிப்பக்கம் வீசும். வீட்டுச் சுவரை ஒட்டி நிறுத்திவிட்டு, முழு ஸ்டியரிங் ஒடித்துக் கிளப்பினால் பின் பம்பர் சுவரைத் தொடும். ஒரு கார் தூரமாவது நேராக நகர்த்திவிட்டு ஒடியுங்கள்.

உள்ளே இருக்கிற இடத்துக்கும் வெளி நீளத்துக்கும் கூட நேரான கணக்கு இல்லை. ஐ7 பெட்ரோல் 7 சீரிஸின் அதே உடம்பு, அதனால் முன்னால் நீண்ட பானெட். ஈக்யூஎஸ் மின்சாரத்துக்கென்றே போட்ட தளம், பானெட் குட்டை, கேபின் பெரிது. ஆனால் பின் சீட்டில் ஈக்யூஎஸ் தோற்கிறது. தரைக்குக் கீழே பேட்டரி, மேலே இறங்கி வரும் கூரை, நடுவில் தாழ்ந்த சீட். முழங்கால் உயர்ந்து, தொடைக்குத் தாங்கல் இல்லாமல் உட்கார வேண்டும். வளைவு வளைவாக ஏறும்போது வயதானவர்களுக்கு இது இடுப்பில் தெரியும். ஐ7-இல் சீட் உயரம், கதவும் உயரம், அம்மா அப்பா ஏறி இறங்கச் சுலபம். இந்த ஒரு விஷயத்தில் ஐ7-க்கு எதிரி கிடையாது. டைகானிலும் ஆடியிலும் பின் காலுக்காகவே பேட்டரியில் ஒரு பள்ளம் விட்டிருக்கிறார்கள், நல்ல யோசனை. ஆனாலும் அவை ஓட்டுகிறவருக்கான கார்கள்.

காற்றுத் தடை பற்றிச் சண்டை போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஈக்யூஎஸ்ஸின் காற்றுத் தடை எண் 0.20, உலகத் தரத்தில் பெரிய சாதனைதான். சேலம் நெடுஞ்சாலையில் அது பணமாகத் திரும்பி வரும். குன்னூர் மலைப்பாதையில், பர்லியாரில் 30 கிலோமீட்டர் வேகத்தில் ஏறும்போது காற்றை யார் கேட்டார்கள்? அங்கே எடைதான் எஜமான்.

கணக்கு இப்படி. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர், ஊட்டி 2240. நாலு பேர், பெட்டிகளோடு ஐ7 மூன்று டன்னைத் தொடும். மூன்று டன்னை 1900 மீட்டர் தூக்க மட்டும் ஏறக்குறைய 16 யூனிட் வேண்டும். மோட்டார் இழப்பு, டயர் உராய்வு, ஹீட்டர் சேர்த்தால் 25 யூனிட் வரை போகும். 101.7 யூனிட் பேட்டரியில் கால்வாசி, வெறும் 50 கிலோமீட்டருக்கு! சமவெளியில் அதே கரண்டில் 120 கிலோமீட்டர் ஓடலாம். சரியும் ரேஞ்சைப் பார்த்துப் பாதி வழியில் பதற வேண்டாம், காரில் கோளாறு இல்லை. மேட்டுப்பாளையத்தில் 50 சதவீதத்துக்குக் குறையாமல் வைத்து ஏறுங்கள். மலை மேல் சார்ஜர் காலியாக இருக்கும் என்று நம்பி ஏறாதீர்கள், அதிலும் சீசனில்.

பி.ஒய்.டி. சீல் 82.56 யூனிட் பேட்டரியோடு இந்த ஏற்றத்தில் கிட்டத்தட்ட இதே கால்வாசியைத்தான் தின்னும், எடை அந்த அளவுக்குக் குறைவு. 2024 மார்ச்சில் 41 லட்சத்தில் தொடங்கி 53 லட்சம் வரை விலை வைத்து வந்த கார். ஜனவரி 2023-இல் ஐ7 வந்தபோது 1.95 கோடி. சொகுசில் ஒப்பிட முடியாது, ஒப்பிடவும் கூடாது. ஆனால் மலை ஏறும் கணக்கில் பெரிய பேட்டரி தன் எடையைத் தானே சுமந்து தீர்க்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இறக்கம் இன்னும் முக்கியம், இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். இறங்கும்போது மோட்டார் ஜெனரேட்டராகி 8 முதல் 10 யூனிட் வரை திருப்பித் தரும், இதைத்தான் ரீஜென் என்கிறார்கள். ஆனால் பேட்டரியில் இடம் இருந்தால்தானே வாங்கும்? இரவெல்லாம் செருகி வைத்து 100 சதவீதத்தோடு காலையில் கிளம்பினால் அந்த ஆற்றல் முழுக்க டிஸ்க் பிரேக்கில் சூடாகப் போகும். பெடலை மிதித்தால் ரீஜெனையும் டிஸ்க் பிரேக்கையும் காரே கலந்து சமாளிப்பதால் கருகல் வாடை வரும்வரை உங்களுக்குத் தெரியாது. ஊட்டியில் 85 சதவீதத்தில் சார்ஜை நிறுத்திவிடுங்கள். டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா பக்கம் உறைபனி விழும் காலையில் இன்னொரு சிக்கல்: குளிர்ந்த பேட்டரியும் கரண்டை வாங்காது. செருகி இருக்கும்போதே ஆப்பில் கிளம்பும் நேரத்தைக் குறித்துவிட்டால் கார் பேட்டரியைச் சூடாக்கி வைக்கும். இறங்கும்போது ஐ7-இல் பி (B) மோட், ஈக்யூஎஸ்ஸில் ஸ்டியரிங் பின்னால் உள்ள பேடிலில் அதிகபட்ச ரீஜென். டைகான் வேறு ஜாதி. காலை எடுத்தால் மிதமாகத்தான் வேகம் குறையும், பிரேக் பெடலை மெதுவாக மிதித்தால் ரீஜென் வேலை செய்யும். புதிதாக ஓட்டுகிறவர் பெடலை மிதிக்கப் பயப்பட வேண்டாம்.

சீசனில் பர்லியார் வழியாக ஏறி கோத்தகிரி வழியாக இறங்கச் சொல்வார்கள். பலாப்பழக் காலத்தில் குஞ்சப்பனைப் பக்கம் யானை ரோட்டில் நிற்கும். மின்சாரக் கார் சத்தமில்லாமல் வளைவைத் திரும்பும், யானைக்கும் உங்களுக்கும் ஒரே நேரத்தில் அதிர்ச்சி. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள்.

அடிவயிறு. நீண்ட வீல்பேஸ், தாழ்ந்த தரை, நடுவில் பேட்டரி. எஸ்டேட் ரோட்டிலும் வீட்டுச் சரிவிலும் மேடு முடியும் முனையில்தான் வயிறு தட்டும். ஏர் சஸ்பென்ஷனில் 20, 25 மில்லிமீட்டர் தூக்கலாம், முனைக்கு வருமுன்பே தூக்க வேண்டும். பேட்டரிக் கவசத்தில் அடிபட்டால் பெட்ரோல் கார் போலத் தட்டி நிமிர்த்தும் வேலை இல்லை. அதனால் வீட்டுச் சரிவைக் கொத்தனாரை வைத்து நீளவாக்கில் மழுங்கடிப்பது, காரைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை.

வீட்டில் மூன்று ஃபேஸ் இருந்தால் 11 கிலோவாட் சார்ஜரில் ஐ7 நிறைய 10 மணி நேரம். 16 ஆம்பியர் பிளக்கில் ஒன்றரை நாள் ஆகும். மலையில் பெரிய தொல்லை எர்த்திங். பாறை மண்ணில் ஒரு குழி போதாது, கார் எர்த் பிழை காட்டி சார்ஜ் ஏற மறுக்கும். எலக்ட்ரீஷியனிடம் எர்த் மின்தடையை மீட்டர் வைத்து அளக்கச் சொல்லி, தேவைப்பட்டால் இரண்டாவது குழி போடுங்கள்.

என் தேர்வா? பின் சீட்டில் பெரியவர்கள், டிரைவர் வைத்து ஓட்டுவது என்றால் ஐ7, வளைவில் பொறுமையோடு. தானே ஓட்டுகிறவர், மாதம் பல முறை ஏறி இறங்குகிறவர் என்றால் 10 டிகிரி உள்ள ஈக்யூஎஸ். இரண்டுக்கும் நடுவே யாரும் பேசாத ஐ5-ஐத்தான் நான் முதலில் பார்க்கச் சொல்வேன்: வீல்பேஸ் 2995, அகலம் 1900. டைகான், இ-ட்ரான் ஜிடி வைத்திருப்பவர்கள் கோபிக்க வேண்டாம், அவை அவினாசி ரோட்டுக்கு அழகு.

டெஸ்ட் டிரைவையும் அந்த அவினாசி ரோட்டில்தான் கொடுப்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். நாலு பேர் ஏறி, கல்லாறிலிருந்து நாலு வளைவு மேலே போய் இறங்கி வாருங்கள். போகும் முன் உங்கள் வீட்டு கேட்டின் அகலத்தை டேப்பில் அளந்து கையில் வைத்திருங்கள், காரைக் கண்ணாடி விரித்த நிலையில் அளந்து ஒப்பிடுங்கள். ஸ்டெப்னி உண்டா, இல்லை பஞ்சர் கிட் மட்டுமா என்று டிக்கியைத் திறந்து பாருங்கள். டயரின் பக்கவாட்டு கிழிந்தால் அந்தக் கிட் உதவாது, சக்கரம் தரையில் உருளக் கட்டி இழுக்கவும் கூடாது. காரை மேலே ஏற்றிச் செல்லும் படுக்கை வண்டி கீழே இருந்து ஏறி வர எவ்வளவு நேரம் ஆகும் என்பதையும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.