பாசிட்டிவாம், பாசிட்டிவ்!

பிள்ளைகளைப் பார்த்து ‘பாசிட்டிவா இரு’ என்று சொல்லும் பெரியவர்களைக் கண்டாலே இப்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நல்ல மனப்பான்மை வேண்டாம் என்றா சொல்கிறேன்? அதை வைத்துப் பிள்ளைகளின் வாயை அடைக்கிறார்களே, அதுதான் எரிச்சல். அழுதால் பாசிட்டிவா இரு. பயந்தால் பாசிட்டிவா இரு. கேள்வி கேட்டால் மட்டும் ‘எதிர்த்துப் பேசாதே’.

எங்கள் உறவில் ஒரு பெண், ஒன்பதாம் வகுப்பு. கூடப் படிக்கிறவர்கள் இவளை மட்டும் விட்டுவிட்டுப் புதிதாக ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்துவிட்டார்கள். அந்த வயதில் அது சின்ன அடியா? தயங்கித் தயங்கி அம்மாவிடம் வந்து சொன்னாள். அம்மா கைபேசியிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. “இதெல்லாம் ஒரு விஷயமா? பாசிட்டிவா யோசிம்மா.” அவ்வளவுதான், முடிந்தது. அப்படி என்ன மும்முரம் என்று பார்த்தால், ‘உங்கள் குழந்தை பேசும்போது காது கொடுத்துக் கேளுங்கள்’ என்ற படத்தைக் குடும்பக் குழுவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். ஓரத்தில் ரோஜாப்பூ வேறு! இப்போது அந்தப் பெண் வீட்டில் எதையும் சொல்வதில்லை. ‘வயசு வந்ததும் ரொம்ப மாறிட்டா’ என்று அதற்கும் அவள் மேல்தான் புகார்.

அப்புறம் இந்த ‘நல்ல பழக்கம்’ கோஷ்டி. வெற்றியாளர்கள் எல்லாரும் விடிகாலை ஐந்து மணிக்கு எழுவார்களாம். அதனால் பதினாறு வயதுப் பையனின் போர்வையை உருவியாவது எழுப்ப வேண்டுமாம். பருவ வயதில் உடம்பின் கடிகாரமே பின்னுக்குப் போய்விடுகிறது. தூக்கத்துக்கு உடலைத் தயார்ப்படுத்தும் மெலட்டோனின் இரவில் தாமதமாகத்தான் சுரக்கிறது. 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் தூக்க மருத்துவர்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பு 2014-லேயே, வளரிளம் பருவத்தினரின் பள்ளிகளைக் காலை 8.30-க்கு முன்னால் தொடங்காதீர்கள் என்று சொல்லிவிட்டது. நடுராத்திரி வரை வீட்டுப்பாடத்தில் உட்கார வைத்துவிட்டு, விடியலில் எழவில்லை என்றால் சோம்பேறிப் பட்டமா?

பாராட்டுகிறேன் என்று செய்யும் கூத்து இதைவிட மோசம். ‘நீ பிறவிப் புத்திசாலிடா’ என்று வருகிறவர் போகிறவர் முன்னால் எல்லாம் தூக்கி வைப்பது. 1998-இல் முல்லர், டுவெக் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து இதைச் சோதித்தார்கள். புத்திசாலி என்று பாராட்டப்பட்ட பிள்ளைகள், கடினமான புதிர்களில் தடுக்கியதும் துவண்டுபோனார்கள். அடுத்து எளிதான புதிர்களைக் கொடுத்தபோதும் முதலில் செய்த அளவுக்குக்கூடச் செய்யவில்லை. முகம் தெரியாத இன்னொரு மாணவருக்குத் தங்கள் மதிப்பெண்ணை எழுதச் சொன்னபோது, பத்தில் ஏறக்குறைய நான்கு பேர் அதைக் கூட்டி எழுதினார்கள். நன்றாக முயன்றாய் என்று பாராட்டப்பட்டவர்களில் அப்படிப் பொய் சொன்னவர்கள் மிகக் குறைவு. புத்திசாலிப் பட்டம் பறிபோய்விடும் என்று ஒரு பிள்ளை விடைத்தாளை ஒளித்துவைத்தால் குற்றம் யாருடையது? ‘எப்படிப் போட்டாய், எங்கே சிக்கியது’ என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்க எத்தனை நிமிடம் ஆகிவிடும்? அதற்கு மட்டும் நேரமில்லை.

இதைச் சொன்னால், ‘உனக்கு எப்பவுமே நெகட்டிவ் புத்தி’ என்று எனக்கே பாடம் எடுக்க ஆரம்பித்துவிடுகிறார்கள்.