ஹோம்லி: அமெரிக்க வரனுக்கு இந்தச் சொல் வேண்டாம்

"ஹோம்லி என்றால் குடும்பப்பாங்கான பெண். உலகம் முழுக்க இதுதான் பொருள், அமெரிக்க வரனுக்கும் பயோடேட்டாவில் தைரியமாகப் போடுங்கள்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து போடாதீர்கள். அது நம் பக்கத்து ஆங்கிலத்தில் வழங்கும் பொருள். அமெரிக்காவில் ஒருவரை ஹோம்லி என்றால் முகலட்சணம் போதாதவர் என்று அர்த்தம். குணத்தைப் பற்றிய பேச்சே அதில் இல்லை. பிரிட்டனில் பெரும்பாலும் வீட்டைத்தான் அப்படிச் சொல்வார்கள். ஏற்காட்டுக் குளிருக்கு அடக்கமாக, கணப்பு மூட்டிய சின்ன பங்களா இருக்கிறதே, அது ஹோம்லி. வீடு என்ற வேரில் பிறந்த சொல், பகட்டில்லாதது என்றாகி, பிறகு அழகில்லாதது என்று சரிந்துவிட்டது.

என் சித்தி மகளுக்குச் செவ்வாய்ப்பேட்டைக் கடை ஒன்றில் தட்டச்சு செய்துகொடுத்த தாளிலும் இதே சொல் இருந்தது. நியூஜெர்சியில் பிறந்து வளர்ந்த மாப்பிள்ளை, "போட்டோவைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லையே" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். சித்திக்கு விளங்க இரண்டு நாள் ஆயிற்று!

'சிம்பிள்' என்பதிலும் கவனம் தேவை. ஆளைக் குறித்துச் சொன்னால் விவரம் போதாதவர் என்ற தொனி வந்துவிடலாம். எளிமையானவருக்கு 'டவுன் டு எர்த்', குடும்பப் பற்றுள்ளவருக்கு 'ஃபேமிலி ஓரியன்டட்' என்று எழுதுங்கள். சமையல் நன்றாக வரும் என்றால் அதை அப்படியே எழுதிவிடலாம்.