38 என்றால் உடம்பா, கோட்டா?

"சேர், நீங்கள்தான் அளவைப் பிழையாக எடுத்திருக்கிறீர்கள்."

இணையத்தில் கோட்டு தைக்கக் கொடுத்த டெயிலரிடமிருந்து மாதக்கணக்காக இந்த ஒரே வசனத்தை வாசித்து வாசித்து எனக்குத் தலை வெடிக்கிறது. கோட்டு இறுக்கமாக வந்தால் நான் அளந்தது பிழை. கோட்டு பெரிதாக வந்தால் அதுவும் நான் அளந்தது பிழை. அப்படியானால் நீ எதற்கடா அங்கே டெயிலர் என்று போர்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய்?

ஆசை எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என்னைக் கோட்டுப் பைத்தியம் என்று நினைப்பீர்கள் (பைத்தியம்தான், அது வேறு). எங்கள் தாத்தா தேயிலைத் தோட்டத்துத் துரையின் பங்களாவில் வேலை செய்தவர். 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது துரை தன் ஊருக்கே கிளம்பினார், போகும்போது தன் தடித்த கம்பளி ட்வீட் கோட்டு ஒன்றைத் தாத்தாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். மண் நிறம், முதுகில் அரைப்பட்டி, இரண்டு பக்கமும் மடிப்பு. தாத்தா அதைச் சாரத்துக்கு மேலே போட்டுக்கொண்டு திருவிழாவுக்குப் போவாராம். அவருக்குப் பிறகு அப்பாயியின் தகரப்பெட்டியில் அந்துருண்டையோடு கிடந்தது. ஒருநாள் நான் எடுத்துப் போட்டேன். தோளில் அப்படியே உட்கார்ந்தது. கைதான் ஒரு அங்குலம் நீளம். ஆனால் லைனிங் கந்தல், இடது முழங்கையைப் பூச்சி அரித்திருந்தது, வெளியே போட்டுப் போக முடியாது. சரி, இதே மாதிரி ஒன்று தைத்துக்கொள்ளலாம், ஆவணியில் தங்கச்சி கல்யாணம் வருகிறது, இந்தக் குளிருக்கும் உதவும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நான் செய்த பாவம்.

மலையகத்து ஹட்டன் டவுனில் கேட்டுப் பார்த்தேன். எந்தக் கடையிலும் மாப்பிள்ளை பிளேசர்தான், உடம்போடு ஒட்டின, இடுப்போடு முடிகிற, மினுமினுக்கிற துணி. தை, மாசியில் நுவரெலியாப் பக்கம் புல்லில் உறைபனி படிகிறது, இவர்கள் கொழும்பு வெயிலுக்குத் தைத்ததைக் கொண்டுவந்து இங்கே விற்கிறார்கள். அப்படித்தான் இணையத்தில் தேடப்போய் இந்த ஆளிடம் மாட்டினேன். எந்த நாடு, என்ன பேர் என்று நான் சொல்லப்போவதில்லை, ஓசி விளம்பரம் எதற்கு.

பேஜ் என்னவோ பார்க்க அழகுதான். பழைய நிறத்தில் படங்கள், சுருட்டு, தொப்பி, கைக்கடிகாரம். "1943 லண்டன் அசல் பாணி" என்று போட்டு, பக்கத்தில் இரட்டை வரிசைப் பொத்தான் கோட்டும் கீழே மடித்த காற்சட்டையுமாக ஒருத்தர் நிற்கிறார். யுத்தத்துக்குத் துணி மிச்சம் பிடிக்க வேண்டும் என்று பிரித்தானியாவில் 1942இல் அந்த இரண்டையும்தான் தடை பண்ணினார்கள், 1944இல்தான் அந்தத் தடை போனது. அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரலாறு தெரியாவிட்டால் என்ன, ஊசி பிடிக்கத் தெரிந்தால் போதும் என்று நினைத்தேன். 16 அவுன்ஸ் கம்பளித் துணி, நெஞ்சு விறைப்பாக நிற்க உள்ளே குதிரை முடி கலந்த கான்வாஸ், கையால் தைத்த லாபல் (கழுத்திலிருந்து நெஞ்சில் மடிந்து விழுகிற பட்டி), தொப்புளுக்கு மேலே நிற்கிற காற்சட்டை, எல்லாம் சேர்த்து 290 டொலர். நான் கட்டிய நாளில் 87,000 ரூபாய் போனது. அம்மா கொழுந்தெடுப்பவர். அப்போதைய நாட்சம்பளம் 1,350 என்று கணக்குப் போட்டால் 64 பேர், அதாவது 64 முழு நாள் வேலை. அரைப்பேர் விழுந்த நாட்களைச் சேர்த்தால் இன்னும் கூடும். அந்தக் கணக்கை நான் வீட்டில் சொல்லவில்லை, நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

தைப்பொங்கல் கழிந்த கையோடு காசு கட்டினேன், நாலு கிழமை என்றார்கள். அளவெடுக்க ஒரு வீடியோ அனுப்பினார்கள். அதில் ஒரு வெள்ளைக்காரர் கண்ணாடி முன்னால் ஆடாமல் நிற்கிறார், இன்னொருவர் நாடா பிடிக்கிறார். இங்கே நான் இஸ்தோப்பில் (முன்திண்ணையில்) நிற்க, அம்மா நாடா பிடிக்க, தங்கச்சி குறித்துக்கொள்ள, பக்கத்துக் காம்பரா (அறை) வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் வேடிக்கை பார்க்க, நெஞ்சு 38, இடுப்பு 33 என்று ஒன்றுக்கு மூன்று தடவை அளந்து அனுப்பினேன். நான் கணக்கு வாத்தியார், எனக்கு எண் பிழைக்காது.

கோட்டு மே மாதம் வந்தது. தோட்டத்து விலாசத்துக்கு ஒரு பொதி எப்படி வருகிறது என்பது தனிக் கதை. ஓடர் பாரத்தில் தெருப் பெயர் இல்லாமல் அடுத்த பக்கம் போக விடாது, எங்கள் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) ஏது தெருவும் வீட்டு நம்பரும்? மேல் டிவிஷன் என்று போட்டேன். கொழும்பில் சுங்க வரி, அதற்கு மேலே 18 சதவீத வாட், எல்லாம் கட்டிய பிறகு தோட்டத்து ஆபீஸுக்கு வந்து, அங்கே எட்டு நாள் மேசைக்கடியில் கிடந்து கைக்கு வந்தது.

பொத்தான் பூட்டவில்லை. மூச்சை உள்ளே இழுத்துப் பூட்டினால் மூச்சை வெளியே விட முடியவில்லை. நாடாவை எடுத்துக் கோட்டை அளந்தால் நெஞ்சுச் சுற்று 38. உடம்பு 38 என்றால் கோட்டையும் 38க்கே வெட்டியிருக்கிறான் மனுஷன். உடம்புக்கு மேலே ஒரு நாலு அங்குலமாவது தளர்வு இருந்தால்தானே உள்ளே ஒரு சட்டை போட்டு, மூச்சு விட்டு, சாப்பிட்டு, நடக்க முடியும்? எங்கள் டவுனில் பாடசாலைச் சட்டை தைக்கிற பெடியனுக்குக்கூடத் தெரிந்த விஷயம் இது. எழுதிக் கேட்டேன். வந்தது அந்த வசனம்.

சரி, சண்டை வேண்டாம், திரும்பத் தைத்துத் தருகிறோம், உங்களிடம் நன்றாகப் பொருந்துகிற கோட்டு இருந்தால் அதை அளந்து அனுப்புங்கள் என்றார்கள். துரை கோட்டை மேசையில் விரித்து, அக்குளிலிருந்து அக்குள் 21 அங்குலம், சுற்றுக்கு 42, இது கோட்டின் அளவு, உடம்பின் அளவு இல்லை, இல்லவே இல்லை என்று மூன்று தடவை எழுதி, படத்தில் சிவப்புக் கோடு வேறு போட்டு அனுப்பினேன். ஓகஸ்ட் மாதம் இரண்டாவது கோட்டு வந்தது. அளந்தேன். 46. இந்த முறை ஞாபகமாக நாலைக் கூட்டியிருக்கிறார்கள்! முதல் கோட்டில் மூச்சு விட இடமில்லை, இரண்டாவதில் நானும் தம்பியும் குடித்தனம் நடத்தலாம். கைக்குழியோ விலா எலும்புவரை தொங்குகிறது. பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்கிற மாதிரி கையைத் தூக்கினால் கோட்டு மொத்தமும் கிளம்பிக் காதுக்கு வருகிறது. பழைய கோட்டில் கைக்குழி அக்குளை ஒட்டி உயரத்தில் இருக்கும், கையைத் தூக்கினால் கை மட்டும்தான் போகும், உடம்பு இருந்த இடத்தில் இருக்கும். பழைய வெட்டு என்றால் அதுதான். அகலமான லாபல் வைத்துவிட்டால் பழைய பாணி ஆகிவிடாது.

துணி விஷயத்துக்கு வருகிறேன், வயிறு எரிவது அங்கேதான். 16 அவுன்ஸ் என்பது ஒரு கெஜத் துணியின் எடை, மீட்டருக்கு மாற்றினால் அவுன்ஸுக்கு 31 கிராம் வீதம் ஏறக்குறைய 500 கிராம். ஒரு கோட்டுக்கு இரண்டு மீட்டர் அளவில் துணி போகும், வெட்டுத்துண்டு கழித்தாலும் கான்வாஸ், லைனிங், பொத்தான் எல்லாம் சேர்ந்து கோட்டு ஒரு கிலோவுக்கு மேலே நிற்க வேண்டும். சந்தியில் உள்ள பலசரக்குக் கடைத் தராசில் போட்டேன். 640 கிராம். கடைக்கார அண்ணன் "என்ன சேர், கோட்டைக் கிலோ கணக்கிலா விற்கப்போறீங்க" என்று சிரித்தார். வீட்டுக்கு வந்து உள்தையலில் இருந்து ஒரு நூலை உருவி விளக்கில் பிடித்தேன். கம்பளி என்றால் முடி கருகிற நாற்றம் வரும், சாம்பலை விரலால் நசுக்கினால் தூளாகும். இது சுருண்டு உருகி, கறுப்பாக ஒரு மணி போல இறுகியது. பிளாஸ்டிக் நாற்றம். அப்பாயி அடுப்படியில் இருந்து "யாருடா உரப்பையைக் கொளுத்துறது" என்று கத்துகிறார்.

குதிரை முடிக் கான்வாஸ் என்றார்களே, நெஞ்சுப் பக்கம் துணியைக் கிள்ளிப் பாருங்கள். நிஜமாகவே கான்வாஸ் இருந்தால் நடுவில் மூன்றாவதாக ஒரு அடுக்கு தனியாக நழுவும். இதில் வெளித்துணியோடு பசைத்துணியை வைத்து அயர்ன் பண்ணி ஒட்டியிருக்கிறார்கள். ஒரு தூறலில் நனைந்து காய்ந்ததும் வலது மார்பில் அப்பளம் போலக் கொப்புளம். எங்கள் ஊரில் மழைக்கு எங்கே போவது? மழை இல்லாத நாளைத்தான் தேட வேண்டும்.

ஹட்டனில் எங்கள் அப்பாவின் கல்யாணக் கோட்டைத் தைத்த மாஸ்டர் இன்னும் இருக்கிறார், கண் கொஞ்சம் மங்கல். திருத்த முடியுமா என்று கொண்டுபோனேன். என்னைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு முதுகைப் பார்த்தார், நாடாவைக் கையில் எடுக்கவே இல்லை.

"தம்பிக்கு வலது தோள் அரை அங்குலம் இறக்கம். அந்த ஆள் பார்த்தாரா?"

"அவர் எங்கே மாஸ்டர் என்னைப் பார்த்தார்? நம்பர்தான் அனுப்பினேன்."

"அப்போ நம்பருக்குத்தான் தைச்சிருக்கார்."

இரண்டு கோட்டையும் உள்பக்கம் திருப்பிக் காட்டினார். துரை கோட்டில் ஒவ்வொரு தையலுக்குள்ளும் ஒரு அங்குலம் துணி விட்டிருக்கிறது, பிரித்துப் பெரிதாக்கலாம். புதிதாக வந்த இறுக்கமான கோட்டில் கால் அங்குலம், பிரித்தால் பிய்ந்துவிடும். பெரியதைக் குறைக்கலாமே என்றேன். தோளையும் கைக்குழியையும் கழற்றிப் புதிதாக வெட்ட வேண்டும், இந்தத் துணிக்கு அந்தக் கூலி தண்டம் என்றார். சரி மாஸ்டர், நீங்களே ஒன்று தைத்துக் கொடுங்கள் என்றால், கனமான துணியும் இல்லை, கான்வாஸும் இல்லை, இப்போது யார் கேட்கிறார்கள் என்று கையை விரித்துவிட்டார். ஆக, கை இருக்கிறவரிடம் துணி இல்லை. துணி இருக்கிறது என்றவனிடம் துணியும் இல்லை, கையும் இல்லை.

காசு கட்டிய பேபாலில் (இணையக் கட்டணச் சேவை) முறையிடலாமே என்று சொல்ல வருவீர்கள். காசு கட்டி 180 நாளுக்குள் முறையிட வேண்டும். இரண்டாவது கோட்டு என் கைக்கு வந்தபோது 201வது நாள். "இதோ முடிந்துவிட்டது சேர்", "பொத்தான் மட்டும் பாக்கி சேர்" என்று ஜூலை முழுக்க என்னை இழுத்தது எதற்கு என்று இப்போது விளங்குகிறது. திருப்பி அனுப்பினால் அனுப்பும் செலவும் என்னுடையதாம், வேண்டுமானால் உள்ளூரில் திருத்துவதற்கு 20 டொலர் தருவார்களாம். காற்சட்டையைப் பற்றிப் பேசவே எனக்குத் தெம்பில்லை. தொப்புளுக்கு மேலே என்று கேட்டதை இடுப்பு எலும்புக்குக் கீழே வைத்துத் தைத்துவிட்டு, தோள்வாருக்கு ஆறு பொத்தான் வேறு வைத்திருக்கிறார்கள்.

தங்கச்சி கல்யாணத்தில் வேட்டி சட்டையோடுதான் நின்றேன். அதுவே நல்லாத்தான் இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள், அதற்கும் எனக்குக் கோபம்தான் வந்தது.

நேற்று ராத்திரி வட்ஸ்அப்பில் புதுச் செய்தி: "சேர், கோட்டு போட்ட படம் ஒன்று அனுப்ப முடியுமா, எங்கள் பேஜில் போட." அனுப்பினேன். வலது கையில் நானும் இடது கையில் தம்பியுமாக ஒரே கோட்டுக்குள் நுழைந்து, நடுப்பொத்தானையும் பூட்டப் பார்த்துக்கொண்டு, இரண்டு பேரும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிற படம். நீல டிக் விழுந்துவிட்டது. இன்னும் பதில் இல்லை.