ஆர்ச்சர்ட் ரோடு வெள்ளத்துக்கு மரினா அணைக்கட்டு காரணமன்று

"மரினா அணைக்கட்டு வந்த பிறகுதான் சிங்கப்பூரில் வெள்ளம், தாத்தா காலத்தில் இல்லவே இல்லை" என்ற செய்தி, பெரியவர்கள் சொல்லக் கேட்டதாக நம் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இது முழுத் தவறு.

கடல்நீர் உள்ளே வராமல் தடுக்கும் இந்த அணைக்கட்டு திறக்கப்பட்டது 2008இல். அதற்கு 30 ஆண்டுகளுக்கு முன்பே, 1978 டிசம்பர் 2 அன்று ஒரே நாளில் 512 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அந்த வெள்ளம் ஏழு பேரைக் காவு கொண்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டனர். தாத்தா காலத்து வெள்ளம் அதுதான். அதில் இறந்தவர்களை நினைவிலிருந்து அழித்துவிடும் செய்தியைப் பகிர எப்படி மனம் வருகிறது?

2010 ஜூனில் சிங்கப்பூரின் பெரிய கடைவீதியான ஆர்ச்சர்ட் ரோடு மூழ்கியது உண்மை. அதற்கும் அணைக்கட்டு காரணமன்று என்று நிபுணர் குழு 2012இல் தெளிவுபடுத்தியது. கடல்மட்டம் இறங்கியிருக்கும்போது அணைக்கட்டின் ஒன்பது மதகுகள் தாழ்ந்து மழைநீரை வெளியே விடும்; கடல் ஏறியிருந்தால் ஏழு ராட்சத பம்புகள் நீரை இறைத்துத் தள்ளும்.

சிக்கல், ஆர்ச்சர்ட் ரோட்டின் மழைநீரை வெளியேற்றும் ஸ்டாம்ஃபர்ட் கால்வாயில் இருந்தது. கட்டடங்கள் பெருகப் பெருக, மண்ணில் இறங்க வேண்டிய நீரும் அதில் வந்து சேர்ந்தது, கால்வாய் தாங்கவில்லை. அதனால்தான் தாவரவியல் பூங்கா அருகே 38,000 கனமீட்டர் கொள்ளும் நிலத்தடித் தொட்டியும், சிங்கப்பூர் ஆற்றுக்கு நீரைத் திருப்பும் புதிய கால்வாயும் கட்டப்பட்டன. இரண்டும் 2018இல் பயன்பாட்டுக்கு வந்துவிட்டன.