பாப் மார்ஷல்: சட்ட நடைமுறையில் ஜெயித்தவர், 28-ஆம் எண் சாலையில் தோற்றவர்

அமெரிக்க அரசியல் என்றால் நம்மில் பலர் அதிபர் தேர்தலோடு நிறுத்திக்கொள்கிறோம். மாநில அவைகளைக் கவனிக்க விரும்புகிறவர்கள் வர்ஜீனியாவின் பாப் மார்ஷலிடமிருந்து தொடங்கலாம். ரிபப்ளிகன் கட்சி, தீவிர வலதுசாரி. 1992 முதல் 26 ஆண்டுகள் மாநில சட்டமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் அவையில் 13-ஆவது தொகுதி உறுப்பினராக இருந்தார். அங்கே பதவிக்காலம் இரண்டே ஆண்டு. அவர் காலத்தில் ஆண்டுச் சம்பளம் 17,640 டாலர். கூட்டத்தொடர் ஓராண்டு 60 நாள், அடுத்த ஆண்டு ஒன்றரை மாதம், அவ்வளவுதான்.

அவருடைய கொள்கைகளில் பெரும்பாலானவற்றை நான் ஏற்கவில்லை. ஆனால் விதிமுறைகளை அவர் கரைத்துக் குடித்திருந்தார். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

திருமணம் ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் இடையில் மட்டுமே என்று மாநில அரசியலமைப்பில் எழுத வைத்தவர் இவரும் மாநில செனட்டர் ஸ்டீபன் நியூமனும். வர்ஜீனியாவில் அரசியலமைப்பைத் திருத்துவது லேசில்லை. இரு அவைகளும் ஒருமுறை நிறைவேற்ற வேண்டும். நடுவில் பிரதிநிதிகள் அவைத் தேர்தல் ஒன்று வர வேண்டும். புதிய அவை அதே வாசகத்தை மறுபடியும் நிறைவேற்றிய பிறகே மக்கள் வாக்கெடுப்பு. 2005, 2006 என இரண்டு கூட்டத்தொடர்களையும் தாண்டி, 2006 நவம்பரில் 57 சதவீத ஆதரவோடு திருத்தம் வென்றது.

திருத்தம் செல்லாது என்ற கீழ் நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிரான மேல்முறையீட்டை ஏற்க 2014 அக்டோபரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மறுத்ததும் அது செல்லாமல் போனது. ஆனாலும் வாசகத்தை உடனே நீக்க முடியவில்லை, ஏனென்றால் நீக்குவதற்கும் அதே மூன்று படிகள்தான். 2021-இல் முதல் படி தாண்டியது. அந்த நவம்பர் தேர்தலில் அவை ரிபப்ளிகன் கட்சியின் கைக்குப் போனது. 2022-இல் ஒரு துணைக்குழுவே நீக்கத் தீர்மானத்தை முடித்துவிட்டது. திருத்தத்தை எதிர்த்தவர்கள் இந்த நடு தேர்தலைக் கணக்கில் வைத்தே வேலை செய்ய வேண்டியிருந்தது.

நான் மனதாரப் பாராட்டுவது இன்னொன்றை. வடக்கு வர்ஜீனியா போக்குவரத்து ஆணையம் வரியும் கட்டணமும் விதிக்கலாம் என்று 2007-இல் ஒரு சட்டம் வந்தது. அவையில் பெரும்பான்மை அவருடைய கட்சிக்குத்தான். அவர் அசரவில்லை, வழக்குப் போட்டார். மக்கள் அந்த ஆணையத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை, அதனிடம் வரி போடும் அதிகாரத்தைப் பேரவை தூக்கிக்கொடுக்க முடியாது என்று 2008 பிப்ரவரி 29 அன்று வர்ஜீனியா உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. வலது, இடது என்று பார்க்காமல் எந்த உறுப்பினரும் செய்ய வேண்டிய வேலை அது.

சறுக்கியது தொகுதியில். 2017 ஜனவரியில் அவர் கொண்டுவந்த கழிப்பறை மசோதா, அரசுக் கட்டடங்களில் பிறப்புச் சான்றிதழில் உள்ள பாலினப்படியே கழிப்பறையைப் பயன்படுத்த வேண்டும் என்றது. அவர் கட்சி பெரும்பான்மையாக இருந்த துணைக்குழுவே அதைத் தள்ளிவிட்டது. அந்த ஆண்டு எதிர்த்து நின்றவர் டானிகா ரோம், முன்னாள் பத்திரிகையாளர், திருநங்கை. தொகுதியில் மனாசஸ் பகுதி மக்கள் தினமும் சிக்கித் தவிக்கும் 28-ஆம் எண் சாலை நெரிசலைத்தான் ரோம் தன் முக்கியப் பிரச்சாரமாக வைத்தார். மார்ஷல் விவாத மேடைக்கு வர மறுத்தார். ரோமைப் பெண் என்று குறிப்பிடவும் மறுத்தார். இதில் அவர் பக்கம் எந்த நியாயத்தையும் நான் காணவில்லை. ஏறத்தாழ 54 சதவீத வாக்குகளோடு ரோம் வென்றார்.