1986 ஐரோப்பியக் கோப்பையை ஹாஜி வென்றாரா?

"1986 ஐரோப்பியக் கோப்பை இறுதியில் பார்சிலோனாவை வீழ்த்தியது ஹாஜியின் பெனால்டி" என்று ருமேனியக் கால்பந்து வீரர் கியோர்கே ஹாஜியைப் பற்றி ஒரு படச்செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு.

ஐரோப்பிய நாடுகளின் கிளப் அணிகள் மோதும் அந்தக் கோப்பையின் 1986 மே 7, செவில்லே இறுதிப்போட்டியில் ருமேனியாவின் ஸ்டாவா புகாரெஸ்ட் வென்றது உண்மை. ஆனால் ஹாஜி அப்போது அந்த அணியிலேயே இல்லை; ஸ்போர்துல் ஸ்துதென்செஸ்க் அணிக்கு ஆடிக்கொண்டிருந்தார். ஆட்டம் கோலின்றி முடிய, பெனால்டியில் ஸ்டாவா 2-0 என வென்றது. கோல் அடித்தவர்கள் லாக்காதுஷ், பாலின்ட். பார்சிலோனாவின் நான்கு உதைகளையும் தடுத்த கோல்கீப்பர் டுக்கடம்தான் அன்றைய நாயகன். அவர் பெயரே அந்தப் படத்தில் இல்லாததுதான் எனக்கு உறுத்துகிறது.

குழப்பம் எங்கே தொடங்கியிருக்கும் என்று ஊகிக்கலாம். 1987 பிப்ரவரியில் டைனமோ கீவுக்கு எதிரான ஐரோப்பிய சூப்பர் கோப்பைக்காக ஹாஜி ஸ்டாவாவுக்கு வந்தார். வெற்றி கோலும் அவருடையதே. 1989 ஐரோப்பியக் கோப்பை இறுதியில் ஆடினார், ஆனால் மிலானிடம் ஸ்டாவா 0-4 எனத் தோற்றது.

பயிற்சியாளராக அவர் சாதித்ததைச் சொல்லவும் பொய் தேவையில்லை: 2009-ல் தானே தொடங்கிய வீடோருல் அணியை 2016-17 ருமேனிய லீக் சாம்பியனாக்கியவர் அவர்.

ஐரோப்பியக் கால்பந்து சங்கமான யூஈஎஃப்ஏவின் இணையதளத்தில் அந்த இறுதிப்போட்டியின் விவரத்தைப் பார்த்துக்கொள்ளலாம். அந்தப் படம் வந்தால் தயவுசெய்து மேலும் அனுப்பாதீர்கள்.